கந்தகம் ஏற்றிய நாட்களில் மட்டும்

தம்பிகளே, போன வாரம் நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தீர்கள். ஓய்வு பெற்றவனையும் நினைத்துப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. கிளம்பும்போது ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "சார், மேனிஃபோல்டுல கடைசி ஸ்டட் ஒண்ணு மட்டும் ஒடஞ்சா, பட்டி போட்டு அனுப்பிடலாம் இல்ல?"

மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். சொல்லத் தொடங்கினால் குரல் சரியாக வராது என்று தெரிந்ததால்தான் அப்படிச் செய்தேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னும் எஞ்சினைத் திறக்காதவர்களுக்காக ஒரு வரி. எரிந்த புகையை எஞ்சினிலிருந்து வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடிப்பவை விரல் கனமுள்ள சில இரும்புத் தண்டுகள். அவைதான் ஸ்டட்டுகள். ஒரு பாதி எஞ்சினுக்குள் முறுக்கி ஏறியிருக்கும், மறுபாதியில் நட்டு இருக்கும். சூட்டிலேயே வாழ்ந்து சூட்டிலேயே உடைகிற பொருள். உடைந்தால் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதுதான் உடையும். ஏன் ஓரம் மட்டும் என்று நான் பல வருடம் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

மதுவிலக்கு இருந்த காலம் அது. தண்டையார்பேட்டையில் ஒரு லாரி கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபோர்மேன். டிப்ளமா படித்தவன் என்பதால் எனக்கு நாற்காலி உண்டு, மேஜை உண்டு, கையெழுத்துக்கு மதிப்பும் உண்டு. எங்கள் லாரிகள் ஹார்பரிலிருந்து எண்ணூர்ச் சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கந்தகம் ஏற்றும். திரும்பும்போது பல நாள் உப்பு ஏற்றிக்கொண்டு வரும். அவற்றில் ஒன்று, யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய பெட்ரோல் லாரி. மரத்தில் ஒரு கேபின் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். டீசல் வண்டிகளுக்கு நடுவில் அது ஒரு கிழட்டு யானை. அதை அடக்கி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். ராயபுரத்துச் சவரிமுத்து.

ஹார்பரில் லாரிக்கு வரிசை நம்பர் கொடுப்பார்கள். நம்பர் வரும் நேரத்தில் வண்டி அங்கே நிற்காவிட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். இரண்டு நாள் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி ஸ்டட் எஞ்சினுக்குள்ளேயே முறிந்துபோனால் அதைத் துளைத்து எடுக்க ஒரு முழு நாள் ஆகும், ஏனென்றால் அது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகரத்தை ஒட்டி இருக்கும், துளைக்கும் மிஷின் அங்கே நுழையாது. ஆகவே துளைக்க மாட்டோம். ஒரு இரும்புப் பட்டையை வளைத்து, பக்கத்து ஸ்டட்டில் மாட்டி, அதன் வால் மேனிஃபோல்டின் ஓரத்தை அழுத்தும்படி இறுக்கிவிடுவோம். அதற்குப் பெயர் பட்டி. நான் போடும் பட்டி எங்கள் வட்டாரத்தில் பெயர் வாங்கியது. விம்கோ நகரிலிருந்துகூட அதைப் பார்க்க ஆள் வந்திருக்கிறார்கள். இதைப் பெருமையோடு எழுதவில்லை. அன்று பெருமையாக இருந்தது என்று எழுதுகிறேன்.

அந்தப் பழைய லாரிக்கு அப்படி ஒரு பட்டி போட்டேன். ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. கையை அருகில் வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை. வண்டி நம்பருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்துச் சவரிமுத்து அந்த லாரியைத் தொழிற்சாலையின் இரும்புக் கேட்டில் கொண்டுபோய் மோதினார். பட்டப்பகல், நேர் சாலை. யாருக்கும் அடி இல்லை. கீழே இறங்கியவர் தள்ளாடினார், கண் சிவந்திருந்தது, பேச்சு குழறியது, கேட்டுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? குடித்துவிட்டு ஓட்டினார் என்று புகார் வந்தது. மதுவிலக்குக் காலத்தில் அது வெறும் வேலை போகிற விஷயம் இல்லை, போலீசுக்கும் போகும், லைசென்சும் போகும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நான் திங்கக்கிழமை விசாரிச்சு முடிவு பண்ணப்போறேன். வண்டியில கோளாறு உண்டா இல்லையா? எழுதிக் குடுங்க."

அதற்கு ஒரு படிவம் இருந்தது. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு. நான்கு வரி. நான்கையும் ஒழுங்காகச் சோதித்தேன். நான்கும் நன்றாக இருந்தன. நன்று, நன்று, நன்று, நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப் கேட்டில் கூச்சல். சவரிமுத்துவின் மனைவி பிலோமினா. ராயபுரத்தில் மீன் விற்பவர். கூடையை இறக்கிக்கூட வைக்காமல் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் எழுதிக் குடுத்தே?"

"வண்டியில கோளாறு இல்லைன்னு எழுதினேன்மா. உண்மை அதான்."

"வண்டில கோளாறு இல்லைன்னா அப்போ கோளாறு யாருக்கு? எம் புருசனுக்கா?"

"நான் அப்படி எழுதலையே."

"எழுதாட்டி இன்னா? படிக்கிறவன் அப்டித்தானே படிப்பான்." கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் என் மேஜையைத் தட்டினார். "கேளு சார். அந்தாளு குடிக்கவே மாட்டான்னு நான் சொல்லல. கிறிஸ்மசுக்கு எங்கனாச்சும் போயிட்டு வருவான், நான் தொடப்பத்தால சாத்துவேன், அது எங்க வூட்டு விசயம். ஆனா இந்த ஒரு மாசமா ஒரு பேஜாரு. உப்பு ஏத்துற அன்னிக்குப் பாட்டு பாடிகினு வர்றான். கந்தகம் ஏத்துற அன்னிக்குத் தலைய புடிச்சிகினு வந்து வாந்தி எடுக்கறான். சாராயத்துக்கு உப்பு இன்னா, கந்தகம் இன்னான்னு தெரியுமா சார்?"

பின்னால் நின்ற ஃபிட்டர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கேள்வி மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. கந்தகத் தூசியே காரணமா? ஆனால் மற்ற டிரைவர்களும் கந்தகம்தான் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குக் கண் எரியும், இருமல் வரும், அவ்வளவுதான். சவரிமுத்துவும் பல வருடமாக ஏற்றுகிறார். ஒரு மாதமாக மட்டும் ஏன்?

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு புதிர் கிடைத்தால் விட மாட்டேன். அந்தக் குணம் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சனிக்கிழமை மத்தியானம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை, அதே லாரியில் ஒரு லோடு கந்தகத்தை நானே எண்ணூருக்கு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். டிரைவர் அனுபவித்ததை நான் அனுபவித்தால்தான் தெரியும். முதலாளியும் சம்மதித்தார். ஹார்பரிலிருந்து வெளியே வந்து ராயபுரத்தைக் கடக்கும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். அங்கேதான் என் மகள் வசந்தா படித்தாள். பன்னிரண்டு வயது. எங்கள் வீடு திருவொற்றியூரில், போகிற வழிதான். பஸ் நெரிசலில் அவள் தொங்கிக்கொண்டு வர வேண்டாமே என்று நினைத்தேன். லாரியை ஓரம் கட்டி அவளை ஏற்றிக்கொண்டேன். லாரியில் போகிற சந்தோஷத்தில் அவள் தோழிகளுக்குக் கை ஆட்டினாள்.

"அப்பா, நானும் எண்ணூர் வரைக்கும் வரேன்பா. வர்றப்ப வீட்ல இறக்கி விடு."

சரி என்றேன்.

தார்ப்பாயை மீறிக் கந்தகத் தூசி கேபினுக்குள் வந்தது. "கண்ணு எரியுதுப்பா" என்றாள். கந்தகம் ஏற்றும் டிரைவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுவதும் ஏற்றினேன். அவள் பக்கத்துக் கண்ணாடி மேலே ஒரு விரற்கடை சேராமல் நின்றது. வண்டியை நிறுத்தி, என் கைக்குட்டையை மடித்து அந்த இடைவெளியில் நானே செருகினேன். குழந்தைக்குக் கண் எரியக் கூடாது என்று.

தண்டையார்பேட்டை தாண்டினோம். அவள் பள்ளிக் கதைகள் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு, "கால்ல சூடா காத்து வருதுப்பா" என்றாள்.

"எஞ்சின் பக்கத்துல இருக்குல்லம்மா. அந்தச் சூடுதான்."

தம்பிகளே, அந்த வண்டியில் என்ன கோளாறு என்று அந்தக் குழந்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். இருபது வருடம் எஞ்சினோடு இருந்தவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

திருவொற்றியூரைத் தாண்டும்போது அவள் கதவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். களைப்பு என்று நினைத்தேன். எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கத் தொடங்கியது. அப்போது என் மனத்தில் ஓடியது என்ன தெரியுமா? 'ஓகோ, பிலோமினா சொன்ன தலைவலி இதுதானா? எத்தனை மைலில் தொடங்கியது? கந்தகத்துக்கு இப்படி வலிக்குமா?' என்று குறித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் என் குழந்தை நினைவிழந்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் என் தலைவலியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

எர்ணாவூர் அருகே யாரோ கத்தினார்கள். சைக்கிளில் வந்த ஒருவர். லாரி சாலையை விட்டு மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். நான் எழுதிக் கொடுத்தபடியே பிரேக் நன்றாக இருந்தது.

"வசந்தா" என்றேன். தோளைத் தொட்டேன். தலை மறுபக்கம் விழுந்தது.

கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மணலில் படுக்க வைத்தேன். உப்பளத்து வேலைக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டாள். "மேல விழுந்துகினு அழுவாத நைனா, காத்து வுடு, புள்ளைக்குக் காத்து வுடு" என்று சத்தம் போட்டாள். இன்னொருத்தி முந்தானையால் விசிறினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு வசந்தா வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "எண்ணூர் வந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

சைக்கிள்காரர் ஒரு குதிரை வண்டியைப் பிடித்து வந்தார். திருவொற்றியூரில் டாக்டர் அவளைத் திறந்த வராந்தாவில் படுக்க வைத்தார். இமையை விரித்துப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "வீட்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கரியடுப்பு மூட்டினீங்களா?"

"இல்ல டாக்டர். லாரியில வந்தோம்."

"லாரிக்குள்ள கரியடுப்பு எப்படி வந்துது?" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அடைத்த அறையில் கரிப்புகையில் தூங்கிப்போனவர்களுக்கு இப்படித்தான் ஆகும், இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார்.

அப்போதுதான் அவள் காலில் பட்ட சூடான காற்று எனக்கு விளங்கியது. அவள் கால் இருந்த இடத்துக்கு நேர் முன்னால், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம், என் பட்டி இருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. ஆனாலும் நான் அவள் வீட்டுக்குப் போயிருக்கும்போது அவள் பகலில் சற்றுக் கண் அயர்ந்தால், பெயர் சொல்லி எழுப்பிவிடுகிறேன். "தூங்க வுட மாட்டியாப்பா" என்று திட்டுகிறாள். திட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

லாரி எர்ணாவூரிலேயே நின்றது. ஞாயிறு காலை நான் போனபோது சவரிமுத்து அதன் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர். யாரும் அவரைக் காவலுக்கு அனுப்பவில்லை.

"பாப்பாவுக்கு எப்டி கீது சார்?"

"பரவாயில்லை. கஞ்சி குடிச்சா."

"மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். "லோடு கீது, தனியா நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்து குந்திகினேன். சும்மாத்தானே கீறேன்."

இருவரும் பானட்டைத் திறந்தோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தோம். சத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு வாங்கிய ஊதுபத்திக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அதைக் கொளுத்தி மேனிஃபோல்டின் ஓரத்தில் பிடித்தேன். புகை நூல்போல நேராக மேலே போனது. பட்டி கச்சிதமாக வேலை செய்தது.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "இன்னா சார், ஊதுபத்தி காட்டினா சரியாயிடுமா?"

"இரு. குளிர்ந்த எஞ்சினோட நீ எண்ணூருக்குப் போகலையே."

கதவுகள் இரண்டையும் கயிற்றால் திறந்தபடி கட்டிவிட்டு, லோடோடு எண்ணூர் வரை போய் அதே இடத்துக்குத் திரும்பினோம். எஞ்சினை நிறுத்தாமல் பானட்டைத் திறந்து மறுபடியும் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை மேலே போகவில்லை. யாரோ வாயால் ஊதுவதுபோலப் பக்கவாட்டில் சீறி, கேபின் தகரத்தில், வசந்தா கால் வைத்த பக்கம் இருந்த ஓர் ஓட்டை வழியாக உள்ளே போனது. ஊதுபத்தி அணைந்தேவிட்டது.

இரும்பு சூட்டில் நீளும் என்பது டிப்ளமாவின் முதல் வருடப் பாடம். நீண்ட இரும்பு ஓரத்தில்தான் அதிகம் நகரும். சூட்டில் சிவந்த பட்டையோ தன் விறைப்பை இழந்து தளரும். குளிர்ந்தால் எல்லாம் பழையபடி சேர்ந்துகொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் நாம் தொட்டுப் பார்ப்பது எப்போதும் குளிர்ந்த எஞ்சினைத்தான். உப்பு ஏற்றும் நாளில் கண்ணாடி இறங்கியிருக்கும், வாயு வெளியே போய்விடும். கந்தகம் ஏற்றும் நாளில் கண்ணாடி மூடியிருக்கும். புகையின் நாற்றத்தைக் கந்தக நாற்றம் மறைத்துவிடும். மீன் கூடையோடு வந்த பிலோமினா கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

சவரிமுத்து அணைந்த ஊதுபத்தியை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் குடிக்கல" என்றார்.

"நீ குடிக்கலன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும் சார். ஆனா எல்லாரும் சொல்லிகினே இருந்தா, நம்மளுக்கே டவுட்டு வந்துடுது. யாருனா டீல எதுனா கலந்து குடுத்துட்டாங்களோ, பைத்தியம் புடிச்சிகிச்சோன்னு ரெண்டு நாளா ரோசன." பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்தப் பட்டி யாரு போட்டது?"

"நான்."

அவர் ஊதுபத்தியை என் கையிலேயே திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே அந்த ஸ்டட்டைத் துளைத்து மாற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. குற்றத்தின் அடையாளத்தை நம் கை தானாகவே சுத்தம் செய்யத் துடிக்கும், அதை நீங்களும் ஒரு நாள் உணர்வீர்கள். ஆனால் மாற்றிவிட்டால் திங்கட்கிழமை எதைக் காட்டுவது? என் வாய் வார்த்தை மட்டும் இருக்கும். ஏற்கெனவே என் கையெழுத்து அதற்கு எதிராக முதலாளி மேஜையில் இருந்தது. பட்டியைத் தொடவில்லை. வண்டியை அப்படியே, கதவு திறந்தபடியே, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை முதலாளி முன் நடந்ததை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. எஞ்சினைச் சூடேற்றி ஊதுபத்தியைக் காட்டினேன். அவர் புத்திசாலி, ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். என்னைத் தனியே அழைத்தார்.

"சரி, ஸ்டட்டை மாத்திடுங்க. இதை வெளியில சொல்ல வேண்டாம். டிரைவருக்கு வேற எங்கயாவது நானே சொல்லி வேலை வாங்கித் தரேன்."

"குடிச்சிட்டு ஓட்டினவன்னு பேரோட எவன் சார் வேலை குடுப்பான்?"

"அதுக்கு என்ன பண்ணலாம்கிறீங்க?"

"என் படிவத்தைக் குடுங்க."

வாங்கி, நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன்: மேனிஃபோல்டின் கடைசி ஸ்டட் உடைந்த நிலையில் வண்டி என் பொறுப்பில் அனுப்பப்பட்டது, அதனால் கேபினில் விஷவாயு, டிரைவர் மேல் தவறு இல்லை. கீழே மறுபடியும் கையெழுத்து. முதலாளி அதைப் படித்துவிட்டு, "இதைத் தொழிற்சாலைக்கு அனுப்பினா உங்களை நான் ஃபோர்மேனா வச்சுக்க முடியாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி என்பதுபோலச் சொன்னார். அனுப்பினார். நான் ஒன்றரை வருடம் நாற்காலி இல்லாமல் ஃபிட்டர்களோடு ஃபிட்டராக நின்றேன். என் வாழ்க்கையில் அதிகம் கற்றுக்கொண்ட ஒன்றரை வருடம் அது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கால் வலித்தது, அவமானமாக இருந்தது, கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு.

ஸ்டட்டை நானே எடுத்தேன். கேபின் தகரத்தைக் கழற்றி, துளைத்து, மரை போட்டு, புதிய ஸ்டட்டுகள், பித்தளை நட்டுகள். எப்படி என்பது உங்களுக்குத் தெரியும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். முடித்தபோது புதன்கிழமை மத்தியானம். சூடேற்றிப் பார்த்தோம், ஊதுபத்திப் புகை நேராகப் போனது. சவரிமுத்து அருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத சார். இப்ப பாப்பாவை இந்த வண்டில குந்த வெப்பியா? கண்ணாடிய மூடிகினு?"

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

வைப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று என்னையே கேட்டேன். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. சோதித்தும் ஆயிற்று. ஆனாலும் ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்தது. முதல் ஸ்டட் ஏன் உடைந்தது? பழைய வண்டி, பழைய இரும்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் புதிய ஸ்டட் எத்தனை நாள் தாங்கும் என்பதும் எனக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்றைய ஹார்பர் நம்பர் போயிற்று. பின்னாலிருந்து ஒருவர், "டிப்ளமா மாமு பரீட்சையில ஃபெயிலு" என்றார். சிரித்தார்கள். நான் லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்து அசைவது. அதிலிருந்து வரும் புகைக்குழாயும் அதோடு சேர்ந்து அசைய வேண்டும். அதனால் குழாயை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு நெகிழ்வான வாரில்தான் தொங்கவிட்டிருப்பார்கள். இந்த வண்டியில் அந்த வார் எப்போதோ அறுந்திருக்கிறது. அதற்குப் பதில் ஒரு இரும்புத் துண்டை வைத்துச் சேசிஸோடு அசையாமல் வெல்டு அடித்திருந்தார்கள். அடித்தது எங்கள் ஒர்க்‌ஷாப்தான். அழகான வெல்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, குழாய் மறுபக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டு முறிந்தது கடைசி ஸ்டட். நானூறு முறை புதிதாகப் போட்டாலும் முறிந்துதான் இருக்கும்.

வெல்டை வெட்டி வார் போட்டேன். மேனிஃபோல்டின் ஓரத் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், நீளுகிற இரும்புக்கு நகர இடம் வேண்டும். வியாழக்கிழமை சவரிமுத்துவிடம் போய், "வெப்பேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாணாம் சார். கொழந்த இனி கந்தக வாசனையே பட வாணாம். அதுக்குப் பதிலா நீ ஏறு."

ஏறினேன். வசந்தா உட்கார்ந்த அதே இடம். கந்தக லோடு, இரண்டு பக்கமும் கண்ணாடி மூடியபடி. என் கை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ராயபுரம் தாண்டியதும், "சார், கீறியா?" என்றார்.

"இருக்கேன்."

"பாப்பா இன்னா கிளாசு?"

"ஏழாவது."

தண்டையார்பேட்டையில், "சார், தூங்கிட்டியா?"

"இல்லப்பா."

"எட்டேழு எவ்ளோ?"

"அம்பத்தாறு."

"கரீட்டா? எனக்கு எங்க தெரியும். சும்மா கேட்டேன்."

எர்ணாவூர் மணலைக் கடக்கும்போது மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், அவ்வளவுதான். இருவருக்கும் தலை வலிக்கவில்லை. என் காலில் காற்று இல்லை.

தொழிற்சாலையில் வளைந்த கேட்டை நிமிர்த்திப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். காவலாளி வெளியே வந்து சவரிமுத்துவைக் கீழே இறங்கச் சொன்னார். எங்கள் கடிதம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் மோதிய மறுநாளே இன்னொரு உத்தரவு போட்டுவிட்டார்கள். அதை யாரும் திரும்பப் பெறவில்லை: எங்கள் கம்பெனி டிரைவர்கள் கேட்டில் வாயை ஊதிக் காட்ட வேண்டும். சவரிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் காவலாளியின் முகத்தில் ஊதினார்.

நான் மறுபக்கம் இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். "எனக்கும் பாருங்க" என்றேன்.

"நீங்க டிரைவர் இல்லையே சார். உங்களுக்கு எதுக்கு?"

"இந்தக் கேட்டை வளைச்சதுல பாதி நான்தான். பாருங்க."

அவர் தயங்கினார். நான் ஊதினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.

மறுபடி ஏறிக் கியர் போட்டபோது சவரிமுத்து சொன்னார், "இன்னா சார் நீ. இத்தினி நாளா அவனுக்கு என் ஒருத்தன் மேலதான் சந்தேகம். இப்ப ரெண்டு பேர் மேலயும்."